விடியற்காலை மூன்று மணி

மனச்சோர்வு என்றால் சோகம் என்றுதான் சினிமா நமக்குச் சொல்லி வைத்திருக்கிறது. தாடி, மழை, ஜன்னலோரம், பின்னால் ஒரு புல்லாங்குழல். எனக்கு வந்தபோது சோகம் என்று எதுவும் வரவில்லை. தோள்பட்டையில் குடைச்சல் வந்தது. நாக்கில் ருசி போனது. புதுச்சேரி வானொலியில் பாட்டுப் போட்டால் எரிச்சல் வந்தது. ஒரு சொட்டுக் கண்ணீர் கிடையாது. அழாததாலேயே அது என்னவென்று எனக்கும் தெரியவில்லை, வீட்டில் இருந்தவர்களுக்கும் தெரியவில்லை.

வளவனூரில் தையல் கடை வைத்திருக்கிறேன். விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி போகும் சாலையில் கோலியனூர் தாண்டினால் எங்கள் ஊர். எங்கள் ஊர் தமிழ்நாடு, அந்தப் பக்கம் கொஞ்ச தூரம் போனால் மதகடிப்பட்டு, அது புதுச்சேரி. ஒற்றை அறைக் கடை. ஒரு தையல் மெஷின், ஓரம் அடிக்க ஓவர்லாக் ஒன்று, வெட்டு மேசை, ஆணியில் தொங்கும் அளவு ஜாக்கெட்டுகள். ரவிக்கை, சுடிதார், சேலைக்கு ஃபால்ஸ், பள்ளிக்கூட யூனிஃபார்ம். கல்யாண மாதங்களில் ராத்திரி பதினொரு மணிக்கும் விளக்கு எரியும்.

2017ஆம் வருஷம் அது. அந்த ஏப்ரல் 7ஆம் தேதி உலக சுகாதார தினத்துக்கு உலக சுகாதார நிறுவனம் எடுத்துக்கொண்ட பொருளே மனச்சோர்வுதானாம். பேசுவோம் என்று உலகத்தையே கூப்பிட்டிருக்கிறார்கள். எங்கள் கடைத்தெருவுக்கு அந்தக் கூப்பாடு வந்து சேரவில்லை. ஆடி கழிந்து ஆவணி முகூர்த்தத்துக்குத் துணிகள் வந்து குவிய ஆரம்பித்தபோது என் கை நின்றது.

நின்றது என்றால் எப்படி என்று சொல்கிறேன். துணியை மேசையில் விரித்து, மடிப்பு எடுத்து, சாக்கைக் கையில் பிடித்து, அளவு நோட்டைப் பார்ப்பேன். மார்பு 36, இடுப்பு 30, தோள் 14. பார்த்துவிட்டுத் துணிப் பக்கம் திரும்பினால் தோள் எத்தனை என்பது போயிருக்கும். மறுபடி நோட்டு. மறுபடி துணி. பின்கழுத்து ஏழரை என்று என் கையாலேயே எழுதி, அடியில் கோடும் போட்டிருப்பேன். இருந்தும் ஏழரையா எட்டா என்று மனசு இழுக்கும். கத்தரிக்கோல் இறங்காது. தூங்கிக்கொண்டே வெட்டினாலும் அக்குள் வளைவு பிசகாது என்று பேர் வாங்கியவள் நான். சாக்குக் கோடு போட்ட துணியை அப்படியே மடித்துப் பையில் போட்டு, அடுத்த பையை எடுப்பேன். அதற்கும் இதே கதி.

"அக்கா, நாளைக்கி நிச்சயதார்த்தம், இன்னிக்கி குடுத்துடுவேன்னு சொன்னீங்களே?"

"சாயந்திரம் வாம்மா. ஹூக்கு வைக்கறதுதான் பாக்கி."

அந்த ரவிக்கையை இன்னும் வெட்டியிருக்கவே மாட்டேன்.

எதிர் டீக்கடைக்காரர் ஒருநாள் கேட்டார்: "இன்னாம்மா, மெஷினுக்கு எண்ணெ போடலியா? மாட்டு வண்டி ஏத்தத்துல போற மாதிரி போவுது." மெஷினில் ஒரு பழுதும் இல்லை. என் கால்தான் மெதுவாக மிதித்தது. மனச்சோர்வில் உடம்பின் அசைவே மந்தமாகும், நடை, பேச்சு, கை எல்லாம் சேர்ந்து இறங்கும், மருத்துவர்கள் அதை ஒரு அறிகுறியாகவே எழுதி வைத்திருக்கிறார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. என் நோயை முதலில் காதால் கண்டுபிடித்தவர் அந்த டீக்கடைக்காரர்தான். அவருக்கும் அது தெரியாது.

தூக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். படுத்தால் தூக்கம் வந்துவிடும். அதனால் தூக்கமில்லை என்று யாரிடமும் நான் சொன்னதில்லை. விடியற்காலை மூன்று மணிக்கு முழிப்பு வரும். யாரோ தோளைத் தட்டி எழுப்பியதுபோல் பட்டென்று. வெளியே சாலையில் லாரி போகிற சத்தம் தவிர ஒன்றுமிருக்காது. அந்த நேரத்தில் நெஞ்சில் ஒரு பாரம் உட்கார்ந்திருக்கும். பழைய கணக்கெல்லாம் வரும். எந்தக் காலத்திலோ ஒரு கல்யாணப் பெண்ணுக்குக் கை இறுக்கமாகத் தைத்துக் கொடுத்தது, அம்மா சாகக் கிடந்தபோது தீபாவளி வேலை என்று ஒருநாள் தாமதமாகப் போனது, பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்துக்குக் காலணி வாங்கித் தராமல் தள்ளிப் போட்டது. எல்லாம் அன்றைக்குத்தான் நடந்ததுபோல் வந்து நிற்கும். நான் ஒருத்தி இல்லாமல் போனால் இந்த வீடு நன்றாக இருக்கும் என்று தோன்றும். படுத்தவள் எழுந்திருக்காமலே போய்விட்டால் தேவலை என்று தோன்றும். இதைச் சொல்வதில் வெட்கமில்லை. அந்த நினைப்பு எனக்கு அப்போது பயமாகக்கூட இல்லை, ஏதோ நியாயமான யோசனைபோல் இருந்தது. அதுதான் இந்த நோயில் இருக்கிற பெரிய ஆபத்து.

காலை முழுக்க அந்தப் பாரம் இருக்கும். பல் தேய்க்கப் போவதே பெரிய காரியம். மத்தியானம் தாண்டினால் கொஞ்சம் விலகும். சாயந்திரம் விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஏறக்குறையப் பழைய ஆளாகிவிடுவேன். வீட்டுக்காரர் வந்தால் காபி போடுவேன், பேசுவேன். இந்தச் சாயந்திரம்தான் என்னை ஏமாற்றியது. நல்லாத்தானே இருக்கிறோம், காலையில் சும்மா சோம்பேறித்தனம், நாளையிலிருந்து சரியாக இருப்போம் என்று நினைத்துக்கொள்வேன். அவர் என்னைச் சாயந்திரம் மட்டுமே பார்க்கிறவர். மோட்டார் காயில் கட்டும் கடை அவருக்கு. காலை ஏழு மணிக்குப் போனால் விளக்கு வைத்தபிறகுதான் வருவார். "உனக்கு இன்னா கொறை? கடன் இருக்கா, கஷ்டம் இருக்கா?" என்று கேட்டார். உண்மையாகவே அந்த வருஷம் கடன் இல்லை, கஷ்டம் இல்லை. காரணம் கேட்டால் சொல்ல ஒன்றுமில்லாததே எனக்குக் குற்ற உணர்வாகிவிட்டது. ஒரு துக்கம் நடந்து அதனால் இது வந்திருந்தால் எல்லாருக்கும் புரிந்திருக்கும். காரணமே இல்லாமலும் வரும் என்று ஒப்புக்கொள்ள நம் ஊரில் யாருக்கும் மனசு வராது.

விழுப்புரத்தில் ஒரு டாக்டரிடம் போனோம். தோள்வலி, அசதி, பசியில்லை என்றேன். சத்து ஊசி போட்டு, கால்சியம் மாத்திரை கொடுத்தார்கள். ரத்தம் எடுத்தார்கள். சர்க்கரை இல்லை, ரத்தசோகை கொஞ்சம், தைராய்டு சரியாக இருந்தது. தைராய்டைப் பார்த்தது சரியான காரியம்தான். அது குறைந்தாலும் இதே அசதியும் மந்தமும் வரும், அதனால் அதை முதலில் விலக்கிவிட வேண்டும். ஆனால் எல்லாம் நார்மல் என்று சீட்டு வந்ததும் வீட்டில் பேச்சு மாறிப்போனது. உடம்பில் ஒன்றுமில்லை என்றால் வேண்டுமென்றே செய்கிறாள் என்று அர்த்தம், இல்லையென்றால் காத்து கருப்பு.

அத்தை இரண்டாவதை நம்பினாள். அமாவாசைக்கு மேல்மலையனூருக்கு அழைத்துப் போனாள். செஞ்சி வழியாகப் போகிற பஸ் எல்லாம் அன்றைக்கு அந்தக் கோவிலுக்குத்தான். அங்காளம்மன் ஊஞ்சல் உற்சவம் நள்ளிரவில். கற்பூரப் புகையும் உடுக்கைச் சத்தமும், தலைவிரித்து ஆடுகிற பெண்களுமாக அந்த மைதானம் முழுக்க ஜனம். சின்ன வயசில் அந்த இடத்தில் எனக்கு ரோமம் சிலிர்த்திருக்கிறது. அன்றைக்கு ஒன்றுமே இல்லை. அம்மன் ஊஞ்சலில் வருகிறாள், அத்தை கன்னத்தில் போட்டுக்கொள்கிறாள், நான் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று பார்ப்பதுபோல் நிற்கிறேன். பயமும் இல்லை, பக்தியும் இல்லை. வேப்பிலை அடித்தார்கள், எலுமிச்சம்பழம் கொடுத்தார்கள். என்னிடமிருந்து எதுவோ கழன்று போயிருக்கிறது என்று எனக்கே முதன்முதலாக உறைத்தது அங்கேதான். அத்தையை நான் குறை சொல்ல மாட்டேன். என்னை ஒரு நோயாளியாக முதலில் நடத்தியவள் அவள்தான். மற்றவர்கள் சோம்பேறியாக நடத்தினார்கள்.

மனநல மருத்துவரைப் பார்க்கலாமா என்று என் தங்கை போனில் கேட்டபோது வீட்டில் விழுந்த அமைதியைச் சொல்ல வேண்டும். "கீழ்ப்பாக்கம் கேஸு" என்று யாரையாவது திட்டியே வளர்ந்தவர்கள் நாம். கீழ்ப்பாக்கத்தில் இருப்பது 1794இல் தொடங்கிய மருத்துவமனை. எத்தனையோ பேரைக் குணப்படுத்தி வீட்டுக்கு அனுப்பியிருக்கிறது. நமக்கு மட்டும் அது வசைச்சொல். இன்னொரு பக்கம் ஏர்வாடி. 2001 ஆகஸ்டு 6ஆம் தேதி விடியற்காலை அங்கே ஒரு கூரைக் கொட்டகைக் காப்பகம் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டி வைத்திருந்த 28 பேர் கருகிப் போனார்கள். அந்தப் படங்கள் பேப்பரில் வந்தபோது பார்த்தவர்கள் யாரும் மறக்கவில்லை. மனசுக்கு வைத்தியம் என்றால் சங்கிலி என்று அத்தை பயந்ததில் அர்த்தம் இருந்தது.

கடைசியில் ஜிப்மருக்குப் போனோம். மனசுக்கு என்று போகவில்லை, தோள்வலிக்கு. ஜிப்மர் என்றால் எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு ஒரு நம்பிக்கை. பிரெஞ்சுக்காரர்கள் 1823இல் தொடங்கிய மருத்துவப் பள்ளி, 1964இல் ஜிப்மராகி, கோரிமேட்டில் திண்டிவனம் சாலையில் நிற்கிறது. விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலை என்று மூன்று மாவட்டமும் விடியுமுன் போய் அங்கே சீட்டுக்கு நிற்கும். வரிசையில் நின்று, பொது மருத்துவப் பிரிவில் ஒரு சின்னப் பெண் டாக்டர் முன்னால் உட்கார்ந்தேன். என் மகளைவிட நாலைந்து வயசு பெரியவளாக இருப்பாள். பழைய சீட்டுகளைப் புரட்டினாள். தோளை அழுத்திப் பார்த்தாள். பிறகு கேட்டாள்:

"எத்தனை மணிக்கும்மா முழிப்பு வருது?"

"மூணு மணிக்கு."

"அப்புறம் தூக்கம் வராது. காலையில ரொம்பக் கஷ்டமா இருக்கும், சாயந்திரம் கொஞ்சம் பரவால்லயா இருக்கும். அப்படித்தானே?"

யாரிடமும் நான் சொல்லாத விஷயம் அது. என் வீட்டுக்காரருக்கே தெரியாதது. அவள் முன்னால் வாயடைத்து உட்கார்ந்திருந்தேன். ருசி தெரிகிறதா, முன்பு பிடித்தது இப்போது பிடிக்கிறதா, நாம் இல்லாமல் போனால் தேவலை என்று தோன்றுகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். கடைசிக் கேள்விக்குத் தலையை ஆட்டினேன். அதை அவள் பதற்றமில்லாமல் எழுதிக்கொண்டாள். மனநலப் பிரிவுக்கு அன்றைக்கே அனுப்பினாள். அங்கே சங்கிலி இல்லை. பெஞ்சு இருந்தது, மின்விசிறி இருந்தது, என்னைப் போலவே டிபன் பாக்ஸோடு வந்த ஜனம் இருந்தது. அதில் ஒருத்தி என்னிடம் ரவிக்கை தைத்துக்கொள்கிறவள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்து, எதிரெதிர்ப் பக்கம் திரும்பிக்கொண்டோம். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது.

மாத்திரை பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதல் வாரம் குமட்டல்தான் மிச்சம். பலன் தெரிய இரண்டு மூன்று வாரமாவது ஆகும், நடுவில் விட்டுவிடக் கூடாது, சரியானதும் தானாக நிறுத்தக் கூடாது, பல மாதம் தொடர வேண்டும் என்று சொல்லியே கொடுத்தார்கள். இந்த மாத்திரைக்கு அடிமையாகிவிடுவாய் என்று தெருவில் பத்துப் பேர் சொன்னார்கள். அடிமையாகவில்லை. திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றும், படபடக்கும், அதனால் டாக்டர் சொன்னபடி படிப்படியாகக் குறைக்க வேண்டும், அவ்வளவே. எனக்கு முதலில் திரும்பியது தூக்கம். முழிப்பு மூன்றிலிருந்து நாலரைக்குப் போனது, பிறகு ஐந்துக்கு. ருசி அதன் பிறகு. ஒருநாள் மல்லாட்டையைப் பச்சையாக உரித்து வாயில் போட்டுக்கொண்டே மெஷின் மிதித்தேன். பாதியில்தான் கவனித்தேன், அது இனித்தது.

2015–16இல் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் நடத்திய தேசிய மனநல ஆய்வில் தமிழ்நாடும் ஒரு மாநிலம். பெரியவர்களில் இருபது பேருக்கு ஒருவர் வாழ்நாளில் இந்த நோயைப் பார்க்கிறார் என்று அது சொல்கிறது. அப்படிப் பார்த்தவர்களில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் சிகிச்சைக்கே வராதவர்கள். நாற்பது வயதைத் தாண்டிய பெண்களிடம் அது கூடுதலாக இருப்பதையும் சொல்லியிருக்கிறார்கள். என் அளவு நோட்டில் இருக்கிற பெயர்களை இருபது இருபதாக எண்ணிப் பார்த்திருக்கிறேன். ஆண்கள் பக்கம் வேறு கதை. மதகடிப்பட்டுக்குப் பஸ் ஏறினால் சரக்கு விலை குறைவு. காலையிலேயே ஏறிப் போகிறவர்களை நாம் குடிகாரன் என்று முடித்துவிடுகிறோம். அதில் எத்தனை பேர் மூன்று மணிக்கு முழித்துக்கொண்டவர்கள் என்று யாரும் கேட்பதில்லை. கோபம், எரிச்சல், குடி, வேலைக்குப் போகாமல் சுருண்டு கிடப்பது. ஆண்களிடம் இது இப்படித்தான் நிறைய வெளியே வருகிறது.

ஒருமுறை வந்தவர்களில் பாதிப் பேருக்காவது இது மறுபடியும் வரும். எனக்கும் வந்தது. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை. எங்கள் மாவட்டம் மொத்தமும் தண்ணீரில் கிடந்தது. கடைக்குள் முழங்கால் அளவு தண்ணீர். பொங்கலுக்கு வந்திருந்த துணிகளை மேலே ஏற்றிக் காப்பாற்றிவிட்டேன், மெஷினைப் பிரித்துத் துடைத்துப் பூட்டினேன். ஊரோடு சேர்ந்து ஓடியாடியபோது ஒன்றும் தெரியவில்லை. எல்லாம் காய்ந்து, தை பிறந்து, நிவாரணப் பேச்சும் ஓய்ந்தபிறகு ஒருநாள் வானொலியை நானே எழுந்து போய் நிறுத்தினேன். நிறுத்திய கையைப் பார்த்தேன். சத்தம் அதிகமில்லை. நல்ல பாட்டு. அடுத்த விடியலில் முழிப்பு வந்தபோது கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்றேகால்.

இந்த முறை எனக்கு ஆள் தெரிந்துவிட்டது. நர்சிங் படித்த மகளிடம் சொன்னேன். அவள் தன் நோட்டிலிருந்து ஒன்பது கேள்விகள் படித்தாள். பிஎச்க்யூ-9 என்று அதற்குப் பேர், 2001இல் வெளியானது, உலகம் முழுக்கக் கேட்கிறார்கள். கடந்த இரண்டு வாரத்தில் எதிலும் ஈடுபாடு இல்லாமல் இருந்ததா, மனசு தாழ்ந்திருந்ததா, தூக்கம், அசதி, பசி, தன்மேல் வெறுப்பு, கவனம் நிற்காதது, அசைவில் மந்தம் அல்லது நிலைகொள்ளாமை, கடைசியாகச் சாவைப் பற்றிய நினைப்பு. ஒவ்வொன்றுக்கும் சைபரிலிருந்து மூன்று வரை மார்க். மொத்தம் 27. பத்தோ அதற்கு மேலோ போனால் மருத்துவரைப் பார்த்துவிடுவது நல்லது. என் கணக்கு பத்தைத் தாண்டியது. ஒன்பதாவது கேள்விக்கு இந்த முறை சைபர். அந்த வாரமே முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு நானே பஸ் ஏறிப் போனேன். தோள்வலி என்று சொல்லவில்லை. மனநலப் பிரிவு எங்கே என்று கேட்டு நேராகப் போனேன். துணிகள் தேங்கவில்லை. நாலைந்து பேரிடம் மட்டும் ஒரு வாரம் தவணை கேட்டேன், காரணத்தையும் சொன்னேன். ஒருத்தி பையைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனாள். மற்றவர்கள் காத்திருந்தார்கள்.

இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டில் ஒருத்தர் அசந்து போயிருந்தால் உனக்கு என்ன குறை என்று கேட்காதீர்கள், அந்தக் கேள்விக்கு அவரிடம் பதில் இருக்காது. எத்தனை மணிக்கு முழிப்பு வருகிறது, குழம்பு ருசிக்கிறதா, முன்பு பிடித்த பாட்டு இப்போது பிடிக்கிறதா என்று கேளுங்கள். உங்களை நீங்களே கேட்டுக்கொள்ளவும் இதே கேள்விகள் போதும். காலையில் கேட்டுக்கொள்ளுங்கள், சாயந்திரம் கேட்டால் சரியான பதில் வராது. இரண்டு வாரம் அப்படியே இருந்தால் அருகிலிருக்கும் அரசு மருத்துவமனைக்குப் போங்கள், புறநோயாளிச் சீட்டுக்குக் காசு கிடையாது. இல்லாமல் போனால் தேவலை என்ற நினைப்பு வந்துவிட்டால் இரண்டு வாரம் பார்க்க வேண்டாம், அன்றைக்கே யாரிடமாவது சொல்லுங்கள். சொல்ல ஆளில்லை என்றால் 14416க்குப் போன் போடலாம். 2022 அக்டோபரிலிருந்து அரசு நடத்தும் டெலி மானஸ் எண் அது. தமிழில் பேசுவார்கள், காசு இல்லை, விடியற்காலை மூன்று மணிக்கும் எடுப்பார்கள்.